பட்ஜெட்டா, கணக்கா?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று அப்பா கேட்டார். "மாநில அரசோட பட்ஜெட்ப்பா" என்றேன். சங்கரன்கோவில் சார்நிலைக் கருவூலத்தில் இருபத்தெட்டு வருஷம் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "பட்ஜெட்டா தாயி, கணக்கா?" என்றார்.

அந்தக் கேள்வி அப்போது எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். 33 ஆண்டுகள் கல்லூரியில் பொது நிதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு 2023ல் வெளியே வந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் என் வேலை முழுக்க அந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

மானியக் கோரிக்கைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் கேட்பது அதில் இருக்கும்; நிதிநிலை அறிக்கையோடு துறைக்கு ஒன்றாகச் சட்டமன்றத்தில் வைப்பார்கள். எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் நான்கு எண் வரிசைகள் இருக்கும். 2025 மார்ச்சில் வைத்த புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 2023-24ன் கணக்கு, 2024-25க்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, 2025-26க்கான மதிப்பீடு என நான்கு. நிதியமைச்சரின் உரை, அன்று மாலைத் தொலைக்காட்சி விவாதம், மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கம் எல்லாமே நான்காவது வரிசையைப் பற்றியவை. அது செய்ய நினைப்பது. இரண்டாவதும் மூன்றாவதும்கூட நினைத்ததுதான். உண்மையில் கருவூலத்தை விட்டுப் போன பணம் முதல் வரிசையில் மட்டும்தான் இருக்கிறது. அது இரண்டு வருஷம் கழித்து வருகிறது. வரும்போது அதைக் கேட்க யாருமில்லை.

அப்பாவுக்கு அந்த முதல் வரிசைதான் வாழ்க்கை. மார்ச் 31 அன்று அவர் வீட்டுக்கு வரமாட்டார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏழெட்டு வயதில் அம்மா கொடுத்த தூக்குச்சட்டியோடு இரவு எட்டு மணிக்குக் கருவூலத்துக்குப் போயிருக்கிறேன். வாசல் வரை ஆட்கள் நிற்பார்கள். பள்ளிக்கூட எழுத்தர்கள், ஆஸ்பத்திரி எழுத்தர்கள், விடுதிக் காப்பாளர்கள், எல்லோர் கையிலும் பில் கட்டு. அன்று நள்ளிரவுக்குள் பாஸாகாத பில்லுக்கு அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதி. அடுத்த ஆண்டுப் பணத்தில் மறுபடி அனுமதி வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்பா தலை நிமிராமல் ஒவ்வொரு பில்லிலும் கணக்குத் தலைப்பை, அதாவது அது எந்தச் செலவு என்று காட்டும் எண்ணை, சிவப்பு மையால் சரிபார்ப்பார். ஒரு எண் மாறியிருந்தால் பில் திரும்பிப் போகும். கெஞ்சுவார்கள். "தலைப்பு தப்புன்னா பணம் வேற வீட்டுக்குப் போயிரும்யா" என்பார். காலையில் வரும்போது வலது கை விரல் மூன்றும் சிவந்திருக்கும். அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுவாள்.

எம்.ஏ. படிக்கச் சென்னைக்கு வந்தபோது இதெல்லாம் பொருளாதாரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒதுக்கீடு, பகிர்வு, நிலைநிறுத்தல் என்று அரசு நிதியின் மூன்று பணிகளைப் படித்தோம். உகந்த வரி, பொதுப் பண்டம், வெளிவிளைவு. எல்லாம் நல்ல கருத்துகள், இன்றும் மதிக்கிறேன். ஆனால் இரண்டு வருஷப் படிப்பில் ஒரு முறைகூட ஓர் உண்மையான பட்ஜெட் புத்தகம் வகுப்பறைக்குள் வரவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்று கேட்டிருந்தால் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. ஆசிரியை ஆனதும் நான் செய்த முதல் காரியம், பழைய மானியக் கோரிக்கைப் புத்தகம் ஒன்றை நகலெடுத்து மாணவர்களுக்கு ஆளுக்கு நாலு பக்கம் கொடுத்தது.

முதலில் தலைப்பு எண்களைப் படிக்கப் பழக்குவேன். நான்கு இலக்க முதன்மைத் தலைப்பில் முதல் இலக்கம் பணத்தின் குணத்தைச் சொல்லிவிடும். 0 அல்லது 1 என்றால் வரவு. 2, 3 என்றால் வருவாய்ச் செலவு. 4, 5 மூலதனச் செலவு. 6, 7 கடன். 8 பொதுக் கணக்கு, பெரும்பாலும் அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணம். 0202 கல்வியிலிருந்து வரும் வரவு, 2202 கல்விக்குச் செய்யும் அன்றாடச் செலவு, 4202 பள்ளிக் கட்டடம், 6202 கல்விக்குக் கொடுத்த கடன். இந்தியாவில் எந்த மாநிலத்துப் புத்தகத்தைத் திறந்தாலும் இதே எண்கள். 2236 02 102 என்றால் மதிய உணவு. காமராசர் 1956ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ல் சத்துணவாக விரித்தாரே, அந்தச் சோறு. 1982ல் இது தாங்காத செலவு என்று சொன்ன படித்தவர்கள் நிறையப் பேர். பின்னால் முட்டை சேர்ந்தது, அதுவும் படிப்படியாக வாரத்துக்கு ஐந்தானது. இத்தனையும் அந்த ஒன்பது இலக்கத்துக்குள் இருக்கிறது. ஒரு மாணவன் அதைத் தன் நோட்டில் எழுதிவிட்டு, "இதுல சாப்பிட்டுதான் மேடம் நான் வளந்தேன்" என்றான். அன்று அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை.

எண்களை ஆயிரம் ரூபாயில் அச்சிடுவார்கள் என்பதால், ஆண்டின் நடுவில் கூடுதலாகக் கேட்கும் துணை மதிப்பீட்டில் சில இடங்களில் வெறும் "1" என்று நிற்கும். அதாவது ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாயில் எப்படிக் கட்டடம் கட்டுவார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். அது அடையாள ஒதுக்கீடு. துறையிடம் வேறு இடத்தில் மிச்சமிருக்கும் பணத்திலிருந்து செலவழிக்கப் போகிறார்கள், ஆனால் பணி புதிது. புதுப்பணி என்றால் சட்டமன்றத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அந்த அனுமதிக்காக நிற்கும் "1" அது. மக்களாட்சியைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஆராய்ச்சிக்காக முப்பது ஆண்டுக் கணக்கு வரிசையைத் திரட்ட வேண்டியிருந்தது. அப்போது கணினியில் எதுவும் கிடையாது. நூலகம் நூலகமாக அலைந்து, கறையான் தின்ற புத்தகங்களிலிருந்து கையால் எழுதி எடுத்தேன். சில ஆண்டுகளின் புத்தகம் கிடைக்கவே இல்லை. இல்லாத ஆண்டுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் புத்தகத்தைத் தேடிப் பிடிக்கும் வித்தையை ஒரு நூலகர் சொல்லிக்கொடுத்தார். 1985-86ன் கணக்கு 1987-88 புத்தகத்தில் இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். பள்ளிக் கல்விச் செலவைப் பற்றி 2017 வாக்கில் ஒரு கட்டுரை எழுதினேன். 2202ன் கீழ் தொடக்கக் கல்விக்கான செலவு 2014-15ல் சட்டென்று எகிறியிருந்தது. கணக்கு வரிசைதான், மதிப்பீடு அல்ல. அதனால் துணிந்து, மாநில அரசு தொடக்கக் கல்விக்குத் தரும் முன்னுரிமை திடீரென்று உயர்ந்திருக்கிறது என்று எழுதினேன். கருத்தரங்கில் வாசித்தேன். கைதட்டல் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "அம்மா, இந்தப் பணம் 2013-14ல எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நின்ற இடத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கான ஒன்றிய அரசின் பங்கு அதற்கு முன்பெல்லாம் மாநில பட்ஜெட்டுக்குள் வராமல், திட்டத்தை நடத்திய சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. 2014-15லிருந்துதான் அந்தப் பணத்தை மாநிலத் தொகுப்பு நிதி, அதாவது மாநில அரசின் பொதுப் பெட்டி, வழியாக அனுப்பத் தொடங்கினார்கள். பணம் புதிதாக வரவில்லை, வாசலை மாற்றிக்கொண்டு வந்தது. தலைப்பு தப்பென்றால் பணம் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று சொன்னவரின் மகள், பணம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்க்கத் தவறிவிட்டேன். இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை மறுநாளே திரும்பப் பெற்றேன். அதே 2017-18ல், ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் வருவது திட்டச் செலவு, வராதது திட்டம்சாராச் செலவு என்ற பிரிவையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பான ஆண்டுகளோடு ஒப்பிடும் ஒவ்வொரு அட்டவணையையும் மறுபடி கட்டினேன். ஒன்றரை வருஷம் பிடித்தது. அந்தப் பெரியவருக்கு ஒவ்வொரு அட்டவணையையும் தபாலில் அனுப்பிச் சரிபார்த்து வாங்கினேன்.

2021 ஆகஸ்டில் கொஞ்ச நாள் முதல் வரிசை டீக்கடைப் பேச்சானது. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதி நிலைமை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்ட நேரம். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்ற எண் எல்லோர் வாயிலும் இருந்தது. பால்காரர் என்னிடம் நிறுத்தி விசாரித்தார். மக்கள் கணக்கைப் பற்றிக் கேட்கிறார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தத் தலைக்கட்டு எண்ணில் எனக்கு உடன்பாடில்லை. கடன் எவ்வளவு என்பதைவிட, அது 4ல் தொடங்கும் தலைப்புக்குப் போனதா 2ல் தொடங்கும் தலைப்புக்குப் போனதா என்பதுதான் கேள்வி. வீடு கட்டக் கடன் வாங்குவதும் அரிசி வாங்கக் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. 2013-14லிருந்து தமிழ்நாட்டில் வருவாய்ப் பற்றாக்குறை தொடர்ந்து இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவற்றில் ஒரு பகுதி கடனில் ஓடுகிறது என்று அர்த்தம். இதற்கு இலவசத் திட்டங்களைக் கைகாட்டுவது எளிது. மாநில உற்பத்தியில் நம் சொந்த வரி வருவாயின் விகிதம் அதே காலத்தில் சரிந்ததைப் பற்றி அந்த அறிக்கையிலேயே விரிவாக இருந்தது. அதைப் பேச அவ்வளவாக ஆளில்லை.

வரி என்றதும் ஒரு சின்ன விலகல். 1937ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. பிற்காலத்தில் மாநிலங்களுக்கெல்லாம் பெரிய வருமானமாகிவிட்ட ஒரு வரிக்கு, நம்மூரில் வித்து மதுவிலக்கு. இன்று மது மீதான வரியான ஆயத்தீர்வையின் 0039 தலைப்பும் விற்பனை வரியின் 0040 தலைப்பும் பட்ஜெட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வரும். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தானாக விகிதம் வைக்கக்கூடிய வரிகளில் பெரியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகனம் என்று சுருங்கிவிட்டன. மதுவை விடச் சொல்கிறவர்கள் அந்தப் பள்ளத்துக்கு எதை நிரப்புவது என்றும் ராஜாஜியைப் போலச் சொல்ல வேண்டும்.

டெல்லியிலிருந்து வரும் பங்கைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்றிய அரசின் வரியில் மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்துப் பிரித்துத் தரும் தொகையில், பதின்மூன்றாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 4.969 விழுக்காடு. பதினான்காவது 4.023. பதினைந்தாவது 4.079. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு மக்கள்தொகைக் கணக்கும் வருமான இடைவெளிக் கணக்கும் சேர்ந்து கொடுத்த அடி இது. பகிர்ந்துகொள்ள வேண்டாத மேல்வரி, கூடுதல் வரி வழியாக ஒன்றிய அரசு திரட்டுவது தனி. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் அடுத்த மணிநேரத்தில், மாநில வருமானத்தில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்று சொல்லும் மாநில நிதி ஆணையத்தைப் பற்றியும் சொல்வேன். டெல்லியைப் பார்த்து நாம் கேட்பதையெல்லாம் ஓர் ஊராட்சித் தலைவர் கோட்டையைப் பார்த்துக் கேட்க முடியும்.

இதையெல்லாம்விட என்னை மாற்றியது என் கடைசி முனைவர் பட்ட மாணவி. வட மாவட்டத்துப் பெண். ஆறாம் வகுப்பிலிருந்து ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "மேடம், நான் 789 பண்ணணும்."

789 என்பது ஒரு சிறு தலைப்பு. பல முதன்மைத் தலைப்புகளின் கீழ் வரும். பட்டியல் சாதி மக்களுக்கான துணைத் திட்டச் செலவை அதில் தனியாகக் காட்ட வேண்டும். பழங்குடியினருக்கு 796. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. அந்த அளவுக்குத் திட்ட நிதி அவர்களுக்காகப் போக வேண்டும் என்பது கொள்கை. எல்லோருக்கும் பொதுவான ஒரு திட்டத்தில் ஒரு பங்கைப் பிய்த்து 789ல் எழுதிவிட்டால் காகிதத்தில் விழுக்காடு சரியாகிவிடும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. 2024ல் இதற்கென்றே மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. அவளுக்கு அந்தக் காகிதத்துக்கு அப்பால் போக வேண்டும். 2022ல் ஒரு நாள் என்னையும் ஒரு விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அப்போது பள்ளி விடுதி மாணவர் ஒருவருக்கு உணவுக்கு மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய் சொச்சம், மூன்று வேளைக்கும். காப்பாளர் இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், தேதிவாரியாகக் கையெழுத்தோடு அழகாக இருந்தது. "தக்காளி வெலை ஏறினா ரசம் வைக்கிற நாள் கூடும் மேடம், வேற வழியில்ல" என்றார். நான் வழக்கம்போல், நவம்பர் மாதச் செலவு எந்தத் தேதியில் பட்டுவாடா ஆனது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "பில்லு மூணு மாசம் நிக்கும். மார்ச்ல மொத்தமா பாஸாகும். அதுவரைக்கும் கடைல கடன்தான்."

அவர் சொன்ன மளிகைக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அண்ணாச்சி கல்லாவுக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு "ஆஸ்டல்" என்று எழுதியிருந்தது. நவம்பர் பருப்பு, டிசம்பர் எண்ணெய், பொங்கல் வெல்லம், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாக்கி. "வட்டியெல்லாம் போடுறதில்லம்மா, புள்ளைங்க சாப்பிடுறது" என்றார். ஆனால் பாக்கி நிற்கும் சரக்குக்கு விலை சற்றுக் கூடத்தான் எழுதியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முதலும் முடங்கிக் கிடக்கிறது.

நான் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாக நடந்ததைச் சொல்வது என்று நம்பிய முதல் வரிசை, பணம் கருவூலத்தை விட்டுப் போன நாளைத்தான் சொல்கிறது. பிள்ளைகள் நவம்பரில் சாப்பிட்ட சோறு அதில் மார்ச்சில் இருக்கிறது. நடுவில் இருந்த நாலு மாதக் கடன் அரசின் எந்தக் கடன் அட்டவணையிலும் இல்லை, அண்ணாச்சியின் நோட்டில் இருக்கிறது. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ஒதுக்கீடு காலாவதி ஆகாமல் இருக்க மார்ச் கடைசியில் பணத்தை எடுத்து பி.டி. அக்கவுண்டில், அதாவது அதிகாரியின் பெயரில் கருவூலத்திலேயே இருக்கும் வைப்புக் கணக்கில், போட்டு வைப்பார்கள். புத்தகத்தில் செலவு முடிந்துவிட்டது, பணமோ அசையாமல் கிடக்கும். தணிக்கை அறிக்கைகள் ஆண்டு தோறும் இதைச் சொல்கின்றன. எனக்கும் தெரியும், பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடைத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் மார்ச் 31 இரவு கருவூல வாசலில் நின்றவர்களின் முகம் புரிந்தது. பில் கட்டோடு நின்ற அந்த விடுதிக் காப்பாளர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு ஊரிலும் ஓர் அண்ணாச்சி காத்திருந்திருப்பார். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். அதனால்தான் விடிய விடிய உட்கார்ந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அவர் இருக்கும்போது கேட்டிருக்கலாம்.

2023ல் அரசு அந்த 1,000 ரூபாயை 1,400 ஆக உயர்த்தியது. கல்லூரி விடுதிகளுக்கு 1,100 ரூபாய் 1,500 ஆனது. அறிவிப்பு வந்த அன்று மாணவி போனில் அழுதாள். நானும்தான். உடனே அவளே சொன்னாள்: "கணக்கு 2025லதான் மேடம் வரும்."

வந்தது. 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் உரை முடிந்து புத்தகங்கள் இணையத்தில் ஏறியதும் இருவரும் போனிலேயே ஒன்றாகத் திறந்தோம். ஆதிதிராவிடர் நலத் துறையின் நான்காவது கோரிக்கை, 2225 என்ற தலைப்பு, அதில் உணவுக் கட்டணம் என்ற பதிவு. அவள் முதல் வரிசை எண்களை வாசிக்க வாசிக்க நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவள் இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியை. தன் மாணவர்கள் ஆறு பேரிடம் ஆளுக்கு ஒரு மாவட்டம் கொடுத்திருக்கிறாள், உயர்த்திய தொகை எந்த மாதத்திலிருந்து தட்டுக்கு வந்தது என்று விடுதி விடுதியாகக் கேட்டு எழுத.

இந்தச் சனிக்கிழமை நாங்கள் பழைய விடுதிக்குப் போகிறோம். இப்போது வாசலில் சமூகநீதி விடுதி என்று எழுதியிருக்கிறதாம். காப்பாளர் மாறிவிட்டார், புதியவர் பதிவேடுகளைக் காட்டச் சம்மதித்திருக்கிறார். கடையில் அதே அண்ணாச்சிதான். நோட்டை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.